ஓவர்டைம் இல்லை என்று சொன்னவர்

விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டும் லிங்கராஜ், இரண்டு வருடம் கிடைத்த ஓவர்டைமையெல்லாம் பார்த்தார். ஒருநாள் கன்டெய்னர் அடுக்கும் யார்டுக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே, இனி எட்டு மணி நேரத்துக்கு மேல் முடியாது என்று எழுதிக் கொடுத்தார்.

அதை அப்படியே மனைவி சிஜியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் மகள் ஜெஸியின் நர்சிங் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். கம்பெனியில் ஓவர்டைமையே நிறுத்திவிட்டார்கள் என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"அதுக்கு நீங்க என்ன செய்விய?" என்று அவரைத் தேற்றினாள் சிஜி. அடுத்த வாரமே ஒரு கேட்டரிங்காரரிடம் மாலையில் சப்பாத்தி சுடப் போனாள். அவள் கல்லின் முன்னால் நிற்கும் நேரத்தில் லிங்கராஜ் கிளப்பில் கேரம் ஆடினார். பல வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வீடு திரும்பினால் சிஜி முழங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள். அவர் பார்வையைத் திருப்பிக்கொள்வார். இப்படியே நாலு மாதம் ஓடியது.

கூட வேலை செய்யும் ஷிபு, தங்கையின் கல்யாணத்துக்கு அழைக்க வீட்டுக்கு வந்தான். இப்போது எல்லாருக்கும் ஓவர்டைம் குவிகிறது, அண்ணன்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார் என்று சாயா குடித்தபடி வெள்ளந்தியாகச் சொன்னான். சிஜி அவனுக்கு இன்னும் இரண்டு பிஸ்கட் எடுத்து வைத்தாள். லிங்கராஜுக்குக் காது சுட்டது.

அவன் போன பிறகு, யார்டில் கண்ணயர்ந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"ஒறங்கிப் போனேன்னு சொல்லியிருந்தா நானே விடச் சொல்லியிருப்பேனே. ரெஸ்ட் எடுத்தது தப்பில்ல. எனக்கும் ஒடம்புதானே இருக்கு, அத நீங்க ஒரு நாளாவது நெனச்சியளா?"

லிங்கராஜ், நாளையிலிருந்து மறுபடி ஓவர்டைம் பார்க்கிறேன் என்றார். வண்டிக்கு அடியில் யாராவது போய்ச் சேரவா என்று கேட்டுவிட்டு, அவள் குளிக்கப் போனாள்.

சப்பாத்தி வேலையை அவள் விடவில்லை; ஃபீஸ் பாக்கியிருந்தது. லிங்கராஜ் கிளப்புக்குப் போவதை நிறுத்தி, சோறும் மீன்குழம்பும் வைக்கப் பழகினார். ஆலய வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுத் தாசம்மாள், இப்படிச் சமையல் செய்து கொடுக்கும் புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னாள். சிஜி முழங்கையைத் தடவிக்கொண்டாள். லிங்கராஜ் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.