யார் கடைசியாக ஓட்டியது?

ஆம்பூரில் எங்கள் வீட்டு போர்டிகோவில் நின்ற கார், வாங்கி ஓராண்டுகூட ஆகாத கார், அந்த மழைக்காலத்தில் காலை வேளைகளில் எழுந்திருக்க மறுக்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் இஞ்சினிலிருந்து ஒரு முனகல்கூட வராது. முன்பலகையின் விளக்குகள் மங்கலாக ஒருமுறை தோன்றி அணைந்துவிடும்.

முதல் தடவை அது நடந்தபோது என் கணவர் திருப்பத்தூருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் அங்கே இருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தன் மனைவியைக்கூட அடையாளம் தெரியாத நிலைக்குப் போய்விட்டார். தம்பியை மட்டும் எப்படியோ தெரிந்தது. தம்பி ஊட்டினால் சாப்பிடுவார். அதனால் வாரம் தவறாமல் இவர் போய்வந்தார். அண்ணனின் நோய் எப்படித் தொடங்கியது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஸ்கூட்டரில் சாவியை அப்படியே விட்டுவிட்டு வருவார்; தண்ணீர் மோட்டாரை நிறுத்த மாட்டார்; விளக்கை அணைக்க மாட்டார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிவிட்டது.

அன்று கடைத்தெருவிலிருந்து எலெக்ட்ரீஷியன் ஒருவர் தன் பேட்டரியோடு வந்து, வயர் போட்டு வண்டியைக் கிளப்பிக் கொடுத்தார். "மழை சீசன் சார், இப்படித்தான் பேஜார் பண்ணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் அவரே வர வேண்டியிருந்தது. "பேட்டரி வீக்கு சார், மாத்திடுங்க" என்றார். மாற்றினோம். புதிய பேட்டரியும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செத்துக் கிடந்தது.

பிறகு வண்டியை வேலூரில் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனோம். அவர்கள் அதைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, நிறுத்திய வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். பின்பக்கக் கேமராவைக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அங்கிருந்த இளைஞர், என் கணவரைத் தவிர்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "வண்டில ஒண்ணுமே இல்ல மேடம். எங்ககிட்ட இருந்தவரைக்கும் பேட்டரி கொஞ்சம்கூட இறங்கல. வீட்ல யாராவது உள் லைட்டை ஆஃப் பண்ண மறக்கிறாங்களான்னு பாத்துக்கோங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் 'யாராவது' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டே பேர்தான் இருந்தோம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "யார் கடைசியா ஓட்டினதும்மா?"

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்தவள். சான்றுகளை அடுக்கிப் பார்ப்பது எனக்குப் பழக்கம். மனத்துக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினேன். வண்டி நின்றுபோன ஒவ்வொரு காலைக்கும் முந்தைய மாலையில் அதை ஓட்டி வந்தவர் அவர்தான். நான் ஓட்டி வந்து நிறுத்திய மறுநாள் அது ஒருபோதும் மக்கர் செய்ததில்லை. ஒரு விதிவிலக்குகூட இல்லை. மாணவிகளாக இருந்தால், இதற்குமேல் என்ன சான்று வேண்டும் என்று நானே கேட்டிருப்பேன்.

"அப்பாதான்" என்றேன்.

என் கணவர் தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவில் வேலை பார்த்தவர். ஒரு பழுப்பு நிறத்தை ஒருமுறை பார்த்தால் அடுத்த ஆண்டு அதே பழுப்பை, மாதிரித் துண்டு இல்லாமலே கலந்து தருவார் என்று அங்கே பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர் அந்த வாரங்களில் தன்னையே நம்பாதவராக மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். வந்து உட்கார்ந்தவர் எழுந்துபோய் நான்கு கதவுகளையும் இழுத்துப் பார்ப்பார். கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, உள்ளே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். மறுநாளும் வண்டி கிளம்பாது. "நான் பாத்தேனே" என்பார் மெதுவாக. பிறகு, "பாத்தேனில்ல?" என்று என்னையே கேட்பார்.

அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது.

பேச்சின் நடுவில் ஒரு பெயருக்காக அவர் சற்றுத் தயங்கினால்கூட இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். மகள், "அப்பா இனிமே ஓட்ட வேணாம்மா, ஹைவேல லாரி எப்படி வருதுன்னு உனக்கே தெரியும்" என்றாள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்த அன்று, அவரே தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயே வச்சுக்கோம்மா" என்றார். அதற்குப் பிறகு திருப்பத்தூருக்கு நான் ஓட்ட, அவர் பக்கத்து இருக்கையில் அமைதியாக உட்கார்ந்து வந்தார். அண்ணனுக்கு ஊட்டும்போது, அந்த முகத்தில் தன் முகத்தைத் தேடுகிறவர்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஓட்டத் தொடங்கியதிலிருந்து பேட்டரி ஒருமுறைகூட இறங்கவில்லை. இதைவிடத் துயரமான நல்ல செய்தியை நான் அறிந்ததில்லை. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பியல் மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். என் கணவர் மறுக்கவில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. காலையில் அவர் போர்டிகோவில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே சாமி அலமாரியைத் துடைத்து, புத்தகங்களை அடுக்கி, சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். பூஜைக்காக என் கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்துவந்து பித்தளைத் தட்டில் வைத்தேன்.

வெளியிலிருந்து அவர் குரல் கேட்டது. "ஏம்மா, பட்டன இன்னாத்துக்கு அமுக்கற?"

"நான் எதையும் அமுக்கலீங்களே."

"சைடு கண்ணாடி தொறந்துகிச்சு. லைட்டு எரியுது."

"சாவியத் தட்டுல வச்சேன். அவ்வளவுதான்."

குழாயை நிறுத்தும் ஓசை கேட்டது. பிறகு, "சாவிய எடுத்துக்கினு பின் ரூமுக்குப் போ" என்றார். போனேன். "மடங்கிடுச்சு!" என்று கத்தினார். "இப்ப வா." வந்தேன். தட்டில் வைத்தேன். சுவருக்கு அந்தப்பக்கம் கண்ணாடிகள் டொக்கென்று விரியும் ஒலி இம்முறை எனக்கே கேட்டது. சாமி அலமாரி அந்தச் சுவரில்தான் பதிந்திருந்தது. சுவருக்கு மறுபக்கம், ஒரு முழம்கூட இடைவெளி இல்லாமல், காரின் முகம்.

எங்கள் கார், சாவி பக்கத்தில் வந்தால் தானாக விழித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. சாவியை எடுத்து நீட்டக்கூட வேண்டாம், பையில் இருந்தாலே போதும் என்று விற்றவர்கள் பெருமையாகச் சொன்ன வசதி அது. அப்போது எரியும் விளக்கு சிறிது நேரத்தில் அணைந்துவிடும்; சாவி பக்கத்தில் இருக்கும்வரை வண்டி மட்டும் விழித்தே இருக்கும். என் கணவருக்கோ, முதல் ஸ்கூட்டர் வாங்கிய நாள் முதல் ஒரு வழக்கம் உண்டு. வெளியே போய் நல்லபடியாகத் திரும்பினால், சாவியைச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அது மறுநாள் வரை அங்கேயே இருக்கும். என் சாவிப் பழக்கத்தில் பக்தி இல்லை. நான் ஓட்டி வந்த நாட்களில் சாவி கைப்பையோடு பின் அறைக்குப் போய்விடும். மழைக்கு முன்புவரை கார் வெளிவாசல் அருகே வேம்படியில் நின்றதால் இதனால் தொல்லை வரவில்லை. மழைக்குப் பயந்து போர்டிகோவுக்குள் சுவரை ஒட்டி நிறுத்தத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாமே. வேலூரில் வண்டி நின்ற இடம் வேறு, சாவி தொங்கிய இடம் வேறு. அங்கே அது நிம்மதியாகத் தூங்கியிருக்கிறது.

அவர் ஈரக் கையோடு உள்ளே வந்து அலமாரி முன்னால் நின்றார். நான் எல்லாவற்றையும் ஒருமுறை உரக்க அடுக்கிச் சொன்னேன். அவர் விளக்கை அணைக்க மறக்கவில்லை. கதவைச் சாத்த மறக்கவில்லை. ஒவ்வொரு மாலையும் எதை மறக்காமல் செய்தாரோ, அதுதான் பேட்டரியைக் குடித்திருக்கிறது.

"அப்ப நான் லைட்ட ஆஃப் பண்ணிட்டுதான் வந்திருக்கேன்" என்றார்.

"ஒவ்வொரு நாளும்."

அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். லுங்கி நனைந்து தரையெல்லாம் தண்ணீர். நான் துடைக்கப் போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பொங்கல் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போய்விட்டது. அவர் தன் கடைப் பூஜையை முடித்துக்கொண்டு, நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். பேட்டரி வயரில் கருவியைக் கவ்வவிட்டு, சாவியை முன்னும் பின்னும் எடுத்துப்போகச் சொல்லிப் பார்த்தார். சாவி தட்டில் இருக்கும்வரை, வண்டி இழுக்கும் மின்சாரத்தைக் காட்டும் எண் இறங்கவே இல்லை. பின் அறைக்குப் போனதும் மெல்ல இறங்கி அடங்கியது. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"சார், பாவம் சார் வண்டி. மொதலாளி உள்ளதான் இருக்காரு, எப்ப வேணா வருவாருன்னு தூங்காம காவல் காத்திருக்கு."

"ரெண்டு பேட்டரி மாத்தச் சொன்னவன் நீதானப்பா?" என்றார் இவர்.

"ஒண்ணுதான் சார் சொன்னேன். ரெண்டாவது சொல்லலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்களே கண்டுபுடிச்சு முந்திக்கினீங்க."

சாவியை மட்டும் சாமியிடம் வைக்காமல் இருக்க முடியாது என்று இவர் பிடிவாதமாகச் சொன்னார். எலெக்ட்ரீஷியன் சமையலறையில் இருந்து மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். சாவியை அதில் போட்டு மூடி, அலமாரியில் வைத்தார். சாவியின் சிக்னல் அந்த உலோகத்தைத் தாண்டவில்லை; வெளியே கார் அசையவில்லை. சம்படத்துக்கும் சந்தனம் வைத்தேன்.

அன்று மாலை மகளிடம் அவரே போனில் பேசினார். "யாரு கடைசியா ஓட்டினதுன்னு கேட்டியே, நான்தான். நாளைக்கும் நான்தான் ஓட்டப்போறேன்" என்றார். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். அவர் மட்டும், "சளி புடிச்சிருக்கா, கஷாயம் குடி" என்றார். அடுத்த நாள் சுவரை ஒட்டியே நின்ற வண்டி, பொத்தானைத் தொட்டதும் கிளம்பியது. அதற்கடுத்த நாளும்.

மருத்துவரிடம் இன்னும் போக வேண்டுமா என்று கேட்டேன். "வண்டிய செக் பண்ணியாச்சு, என்னையும் பண்ணிடலாம்" என்றார். அவரே ஓட்டினார். பள்ளிகொண்டா தாண்டும்வரை, அவர் லாரிகளை முந்தும் விதத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன். குறை சொல்ல முடிந்ததே சுகமாக இருந்தது.

மருத்துவர் எங்கள் மகள் வயதுப் பெண். சில சொற்களைச் சொல்லி, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். இவர் ஒரு சொல்லைத் தவிர எல்லாவற்றையும் சொன்னார். "உங்க வயசுக்கு நல்லாவே இருக்கீங்க சார். கவலைப்பட ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு இருக்குன்னு சொல்றதால வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து காட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு, "ஆமா, எதனால இந்தச் சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"காரு பேட்டரி எறங்கிப்போச்சும்மா" என்றார் என் கணவர்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

வெளியே வந்ததும், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, மார்க்கெட்டில் முள்ளுக் கத்தரிக்காய் வாங்கிப்போகலாம் என்றேன். அவரும் சரி என்றார். பேசிக்கொண்டே வந்தோம், எதைப் பற்றியெல்லாம் என்று இப்போது நினைவில்லை. மாதனூர் வந்தபோது அவர் சட்டென்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"அடடா. கத்திரிக்காய் மறந்துட்டேன்."

நானும் மறந்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, தோள் குலுங்க, சத்தமாகச் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். அன்று இரவு வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.