தீப்பெட்டி ரயில்

யுத்த காலத்தில் நான் கொல்லிமலையில் காட்டிலாகா குமாஸ்தா. பிறந்து வளர்ந்தது ரயிலடிக்குப் பக்கத்தில். ரயில் சத்தம் கேட்காத ஏக்கத்தில், என் சிறிய அறைக்குள் பொம்மை ரயில் பாதை ஒன்று அமைக்கத் திட்டமிட்டேன். இரண்டடி நீளத்தில் நான்கு பலகைகள். கொக்கி போட்டு இணைக்கலாம், கழற்றிச் சுவரோரம் அடுக்கலாம். ஒரு கோடியில் சேலம், மறுகோடியில் சென்னை. தண்டவாளத்தைக் கரியால் வரைந்து, தீப்பெட்டியை ஓட்டிப் பார்த்தேன்.

பால் கொண்டுவந்த பாப்பாத்தி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏனுங்க சாமி, இந்த வயசுல தீப்பெட்டி வெச்சு வெளையாடறீங்க?"

"இது ரயில். இது சேலம்."

சிரிப்பு நின்றது. அவள் கணவன் பட்டாளத்தில் சேர்ந்து சேலத்தில்தான் ரயிலேறினான். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை.

"எங்கூட்டுக்காரரு இதுலதான் போனாருங்களா?" என்று உட்கார்ந்தாள். தீப்பெட்டியைச் சென்னை வரை தள்ளினாள். பிறகு மெதுவாகச் சேலத்தை நோக்கி இழுத்தாள்.

"அப்படி வராது பாப்பாத்தி. எஞ்சின் திரும்ப வட்டப்பாதை வேணும். அதுக்கு இங்கே இடமில்லை" என்றேன், என் அளவுகள் சரியாக இருந்த பெருமையில்.

அவள் விரல் பாதி வழியில் நின்றது. "அப்பப் போனது வராதுங்களா?"

அவள் ரயிலைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைப்பதற்குள் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மறுநாள் பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைய நாட்குறிப்பில் பலகைகளின் அளவு மட்டுமே இருக்கிறது. எழுதாமல் விட்டதை இன்று சொல்கிறேன்: அந்தத் தீப்பெட்டியைச் சேலம் வரைக்கும் அவள் இழுக்க நான் விட்டிருக்க வேண்டும்.