கங்கைப் பக்கம் ஜன்னல் உள்ள அறை

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஒரு லாட்ஜ். அதன் ரிசப்ஷனில் பதினொரு வருடமாக நான் வேலை பார்க்கிறேன். எங்கள் சந்தில் பெயர்ப் பலகைகள் பாதி தமிழில், பாதி வங்காளத்தில். வைத்தியத்துக்காகக் கல்கத்தாப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு வாரம் என்று சொல்லி அறை எடுத்து, மூன்று மாதம் தங்கிவிடுவார்கள். அறையிலேயே சமைப்பார்கள். மத்தியானமானால் படிக்கட்டு முழுக்கக் கடுகெண்ணெய் வாசனை இறங்கி வரும். முதல் வருடம் அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு பழகிப்போய், லீவு நாளில் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் அந்த அம்மாள் வந்தார். கணவருக்குச் சிறுநீரக ஆபரேஷன். இரண்டு நாள் ரயில் பயணத்தில் கசங்கிப்போயிருந்தவர், மேஜைமுன் நின்று என்னைப் பார்த்து, “போன்... போன்” என்றார். நான் டெலிபோனை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு நிமிடம் விழித்துவிட்டு, பெட்டியைக் கீழே வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார். வங்காளத்தில் போன் என்றால் தங்கச்சியாம். அன்றிலிருந்து நான் அவரைத் தீதி என்று கூப்பிட்டேன். அக்கா.

நான்கு மாதம் இருந்தார்கள். சாயங்காலம் கணவர் கண்ணயர்ந்ததும் தீதி கீழே வந்து என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். அவரிடமிருந்து நான் வங்காளம் கற்றேன், என்னிடமிருந்து அவர் தமிழ் கற்றார். வார்த்தை பற்றாத இடத்தில் கை பேசும். நோயைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. வீட்டைப் பற்றித்தான் சொல்வார். வட கல்கத்தாவில், கங்கைக் கரையை ஒட்டிய சந்தில், மாமனார் கட்டிய பழைய வீடு. மாடியில் இவர்கள் அறை. சிவப்பு சிமெண்டுத் தரை. ஆள் உயரத்துக்குப் பச்சை ஜன்னல்கள். வெயில் காலத்தில் தரையைத் துடைத்துவிட்டு வெறும் தரையில் படுத்தால், ஆற்றில் படகு ஊதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே தூக்கம் வரும் என்பார்.

“நீ கல்கத்தா வா. லாட்ஜ் வேணாம். என் வீடு இருக்கு” என்று ஊருக்குக் கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

நான் கல்கத்தாவுக்கு ஆசைப்பட்டதாகச் சொல்ல முடியாது. நான் ஆசைப்பட்டது அந்தத் தரைக்கு. மே மாதத்து வேலூர் வெயிலில், கரண்டு போன மத்தியானங்களில், அதில் ஒருக்களித்துப் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

தீதியின் கணவர் அதன்பிறகு ஐந்து வருடம் நன்றாக இருந்து, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். வாரம் ஒன்றாக வந்துகொண்டிருந்த போன் மாதம் ஒன்றாயிற்று. பிறகு அவர்கள் பூஜைக்கும் எங்கள் பொங்கலுக்கும் மட்டும்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். கோயில், கல்யாணம், சாவு இவற்றைத் தவிர வேறெதற்கும் நாங்கள் ரயில் ஏறியதில்லை. சுற்றிப் பார்க்க என்று போனது ஒரே தடவை, அமிர்திக்கு, பைக்கில். மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருடம், பொங்கல் லீவோடு சில நாள் சேர்த்துக்கொண்டு எங்கேயாவது போகலாம் என்று அவரே ஆரம்பித்தார். நான் யோசிக்காமல் கல்கத்தா என்றேன். காட்பாடியிலிருந்து ரயிலும் கிடைத்தது. எங்கே தங்குவது என்பதில்தான் பேச்சு நின்றது.

“அந்தம்மா வீட்லயா? வேணாம். லாட்ஜ் பாக்கலாம்” என்றார்.

“அவ்ளோ ஆசையா கூப்ட்டாங்க. போகாட்டி இன்னா நெனப்பாங்க?”

“எத்தினி வருஷம் ஆச்சு கூப்ட்டு? அதில்ல... நீ தெனம் ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் சாவி எடுத்துக் குடுக்கற. ஒரு வாட்டி உனுக்கு யாராவது குடுக்கட்டுமே.”

அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. ஆனாலும் என் மனசு அந்த வீட்டை விட்டு நகரவில்லை. மறுநாள் லாட்ஜிலிருந்தே தீதிக்குப் போன் போட்டேன். நாங்கள் வருகிறோம் என்றதும் மறுமுனையில் ஒரு கூச்சல். பிறகு மெதுவாகச் சொன்னார். கொழுந்தன்மார்கள் பாகம் கேட்டு, வீட்டை விற்று, இடித்துமாகிவிட்டது. அவர் இப்போது மகனோடு ஊருக்கு வெளியே ஒரு ஃப்ளாட்டில். பேத்தியோடு ஒரே அறை.

“ஆனா நீ வா. நான் கீழே படுக்கிறேன். நீங்க கட்டில்ல...” என்று அவர் சொல்லும்போதே பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ கேட்டது. எனக்கு அந்த வங்காளம் புரிந்தது. யார் வருகிறார்கள், எத்தனை நாள் என்று கேட்டது அந்தக் குரல். கோபமாகக் கூட இல்லை, களைப்பாகத்தான் இருந்தது.

“இல்ல தீதி, அவரு ஏற்கெனவே ரூம் போட்டுட்டாரு. நாங்க உங்கள வந்து பாக்கறோம்” என்று பொய் சொன்னேன். தீதி மறுக்கவில்லை. அது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பிறகு ஒரு வாரம் நானும் வீட்டுக்காரரும் செல்போனில் லாட்ஜ் லாட்ஜாகப் பார்த்தோம். ஸ்டேஷனுக்குப் பக்கம், மார்க்கெட்டுக்குப் பக்கம், மெட்ரோவுக்குப் பக்கம் என்று அவர் காட்டினார். எனக்கு வேண்டியது ஒன்றுதான். தீதியின் பழைய சந்துக்குப் பக்கத்தில், ஆற்றைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை.

“அங்கேர்ந்து எல்லாமே தூரம் போலருக்கே” என்றார்.

“பரவால்ல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதையே போட்டார்.

சின்ன லாட்ஜ். ரிசப்ஷனில் இருந்த கிழவர் என் வங்காளத்தைக் கேட்டுப் புருவத்தைத் தூக்கினார். அறைத் தரையில் வெள்ளை டைல்ஸ். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கூரைகளுக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கங்கை.

லாட்ஜ் எங்கே என்று போனில் கேட்டுக்கொண்டு, அடுத்த நாள் காலையில் தீதியே வந்தார். இரண்டு பஸ் மாறி, டிபன் கேரியரில் மீன் குழம்பும் சாதமும் எடுத்துக்கொண்டு. தலை முழுக்க நரைத்துவிட்டது. கட்டிலின் விளிம்பில், பார்வையாளர் நேரம் முடிந்து எழுப்பிவிடுவார்களோ என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். வீடு இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் முள்ளோடு போராடுவதைப் பார்த்துத் தீதி அவர் மீனை வாங்கி முள் எடுத்துக் கொடுத்தார்.

அப்போது ஆற்றில் படகு ஊதியது. தீதியின் கை அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து, “போன், நான் இங்க கொஞ்சம் படுக்கவா?” என்றார்.

வீட்டுக்காரர் உடனே எழுந்து சட்டையை மாட்டினார். “நான் பாலத்தப் பாத்துட்டு வர்றேன்” என்று கிளம்பினார்.

நான் கட்டிலைக் காட்டினேன். அவர் தரையையே தேர்ந்தெடுத்தார். விரிப்பு வேண்டாம் என்றார். ஜனவரிக் குளிர் தரையில் ஏறியிருந்தது. கையைத் தலைக்கு வைத்து, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். நானும் பக்கத்தில் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சு மாறியது. அத்தனை ஆழமான தூக்கத்தை, நான்கு மாதம் பக்கத்திலிருந்தும் அவரிடம் நான் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடம் நான் ஏங்கிய இடம் இதுவல்ல, பக்கத்தில் எங்கேயோ இருந்து, இப்போது இல்லாமல் போன ஒரு மாடி. அழுதால் அவர் விழித்துக்கொள்வார் என்று அசையாமல் கிடந்தேன்.

நான்கு மணிக்குத் தீதி எழுந்து கொண்டை போட்டுக்கொண்டார். கதவைத் திறந்தால் வெளியே வராந்தாவில் வீட்டுக்காரர், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு, “இப்பதான்” என்றார்.

பஸ் ஸ்டாப் வரை மூவரும் நடந்தோம். பஸ் வந்ததும் தீதி என் கன்னத்தைத் தொட்டு, “அடுத்து எப்போ?” என்றார்.

“அடுத்த பொங்கலுக்கு.”

“வா. இதே ரூம் சொல்லி வைக்கிறேன். நானும் வந்து தங்குறேன்.”

இரண்டு பொங்கல் போய்விட்டது. ஒரு வருடம் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருடம் மகளுக்குப் பரீட்சை. தீதி இப்போது வாராவாரம் போன் பண்ணுகிறார். என்ன சமைத்தேன் என்று கேட்பார், சொல்வேன். ரயிலுக்கு எப்போது பதிவு செய்யப்போகிறாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுவிட்டால் தேவலை என்று இருக்கிறது.