குங்குமம் வைத்த கடப்பைக் கல்

தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு ஸ்டேஷனரி கடை இருந்தது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் கிடைத்தது. இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சின்ன வயதில் வந்த போலியோவால் எனக்கு இரண்டு காலும் வராது. ஊனமுற்றவளுக்கு என்று ஒதுக்கிய அந்தக் கடைக்கு முன்னால் மூன்று படி. யார் மூளையோ.

தினமும் காலையில் அண்ணன் என்னை மூட்டை மாதிரி தூக்கி உள்ளே உட்கார வைப்பான். சக்கர நாற்காலி வெளியே வெயிலில் காயும். நடுவில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவன் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் மெச்சுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சாய்தளம் கட்டாவிட்டால் ஒதுக்கீட்டைப் புதுப்பிக்க முடியாது என்று ஒருநாள் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான். நான் அதை இரண்டு முறை படித்தேன். இனி என்னை யாரும் தூக்க வேண்டாம் என்பது மட்டும்தான் எனக்கு அதில் தெரிந்தது.

கொத்தனார் படியை இடித்துவிட்டு நீளமாகச் சிமெண்டில் சரிவு போட்டார். வேலை சுத்தம். ஆனால் சரிவு முடிகிற இடத்தில், ஷட்டருக்கு அடியில், நாலு விரல் உயரத்துக்குக் கடப்பைக் கல்லில் ஒரு வாசப்படியும் வைத்தார். வாசப்படி இல்லாத கடையில் லட்சுமி தங்க மாட்டாளாம். அண்ணன் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டான். ஆக, நான் மூச்சுமுட்ட மேலே வரை உருட்டிக்கொண்டு போய், முன்சக்கரம் கல்லில் இடிக்க, குங்குமத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். நாலு விரல்தானே, நான் தூக்கிவிடுகிறேன் என்றான் அண்ணன்.

அடுத்த வாரம் நகராட்சி ஆபீஸர் பார்வையிட வந்தார். பாராட்டு வாங்கக் கொத்தனாரும் வந்திருந்தார். ஆபீஸர் டேப் பிடித்துச் சரிவின் நீள அகலத்தை அளந்தார். வாசப்படியை அளக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பயபக்தியாக அதைத் தாண்டி உள்ளே போனார். நான் கீழே தெருவில் இருந்தேன். போட்டோ எடுக்கும்போதுதான் அவருக்கு என் ஞாபகமே வந்தது.

"இவங்களைத் தூக்கி உள்ள வச்சிடுங்க. அவங்களே ஏறி வந்த மாதிரி இருக்கணும்."

அண்ணன் உடனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். தொடாதே என்றேன். ஊரே பார்க்கிறது என்று பல்லைக் கடித்தான். பார்க்கட்டும். கொத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். குங்குமம் வைத்த கல்லாயிற்றே என்று தயங்கினார்.

"லட்சுமி போனா போறா. கடை எம்பேர்ல இருக்குது. பேத்து எடுங்க."

கல் பெயர்ந்து வரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஆபீஸர் வாட்சைப் பார்த்தபடி நின்றார். நான் சக்கரத்தை இரண்டு கையாலும் தள்ளி ஏறினேன். தோள் வலித்தது. உடைந்த சிமெண்டுக் காரை மேல் சக்கரம் தடதடத்து உள்ளே போனது. கடை திறந்து நாலு வருஷத்தில் அன்றுதான் நானாக அதற்குள் நுழைந்தேன்.

அண்ணன் முகம் செத்துவிட்டது.

"அப்போ இனிமே நான் எதுக்கு?"

"வழியில நிக்காத, தள்ளிக்கோ. கஸ்டமர் வருவாங்க" என்றேன்.