தேதியக்கா சேர்ந்த கல்லூரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தேதியக்கா என்றால் வாட்ச்மேன்கூட வழிகாட்டுவார். ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் கத்தரியையும் இடுக்கியையும் துணியில் பொதிந்து, நீராவிப் பெட்டியில் வைத்துச் சுத்தம் செய்து, பொதியின் மேல் தேதி எழுதிய பட்டையை ஒட்டுவது அவள் வேலை. தேதி தாண்டிய பொதி கண்ணில் பட்டால் முதல் காரியமாகப் பட்டையை இரண்டாகக் கிழிப்பாள். இல்லாவிட்டால் அவசரத்தில் எவராவது அதையே எடுத்து நோயாளிக்குப் பயன்படுத்திவிடுவார்களே என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கை வீட்டிலாவது சும்மா இருக்க வேண்டுமே! மருந்து அட்டையோ உத்தரவாதச் சீட்டோ, தேதி போயிற்றென்றால் சரக்கென்று கிழிந்துவிடும். வினை அங்கேதான் காத்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புது நிர்வாகம் வந்தது. டிகிரி இல்லாதவர்கள் இரண்டு வருடத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துத் தேறியவள் தேதியக்கா. அப்பா படுத்த படுக்கையானதும் மூன்றாம் வருடம் போகவில்லை. மிச்சம் ஒரே ஒரு வருடம்.

கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினாள். பளபளவென்று கண்ணாடி போட்ட கல்லூரியில், "பழைய படிப்பெல்லாம் செல்லாதும்மா, முதல்லேர்ந்து படிக்கணும்" என்றார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை மாடியில் நடந்த மாலைக் கல்லூரியிலும் அதே கதைதான். முதலிலிருந்து என்றால் மூன்று வருடம். அதற்குள் வேலை போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசியில் ஊர்க்கோடியில் ஒரு கல்லூரி அகப்பட்டது. பழைய இரண்டு வருடத்தையும் ஏற்றுக்கொண்டு நேரே மூன்றாம் வருடத்தில் உட்கார வைப்பார்களாம். வகுப்பும் சாயங்காலம்தான். தேதியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"ரெண்டு வருஷம் தேறினதுக்குப் பழைய காலேஜ்ல குடுத்த சான்றிதழ் வச்சிருக்கீங்கல்ல?" என்று கேட்டார் அலுவலகத்துக்காரர்.

"அது... தேதி முடிஞ்சுபோச்சுங்களே. படிப்பத் தொடர அஞ்சு வருஷம்தான் செல்லும்னு அடியில போட்டிருந்துச்சு."

"அதனால என்னம்மா? நாங்களே யுனிவர்சிட்டிக்கு எழுதி நீட்டிச்சு வாங்கிக்குவோம். ஒரிஜினல் இருந்தாப் போதும்."

பீரோவை ஒழித்தபோது அது கண்ணில் பட, தேதியைப் பார்த்ததும் கிழித்துப் போட்டது அவள் கைதான்.

"கிழிச்சிட்டேங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நகலாவது இருக்கா?"

நகலும் இல்லை. அவள் கணவன் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்கிற மகராசன், வீட்டுக் காகிதத்துக்கு ஒன்று எடுத்து வைத்தானா? பழைய கல்லூரியையோ எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கேட்டு வாங்க ஒரு வருடம் ஆகுமாம். இங்கே சேர்க்கை மறுநாளோடு முடிகிறது. அடுத்த வருடம் முதல் இந்தச் சலுகையே கிடையாதாம்.

வீட்டில் கணவன் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தான். அது கிழிந்து மாதக்கணக்காகிறது என்று அவனுக்கும் தெரியும்.

"உன் கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும்டி," என்று கத்தியவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். "விடு. நாளைக்கு என்ன பண்ணப் போற?"



மறுநாள் வேலை முடிந்ததும் தையல் கடை மாடிக்கு ஏறினாள். மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"முதல் வருஷம்தான் தர முடியும்க்கா. பரவாயில்லையா? வேலைக்காகப் படிக்கிறீங்களா?"

"இல்லம்மா. நான் முடிக்கிறதுக்குள்ள வேலை போயிடும்."

"அப்புறம் எதுக்குக்கா?"

தேதியக்கா மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்தாள். கையிலிருந்து ஆஸ்பத்திரிச் சோப்பு வாசனை இன்னும் போகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லும்மா. நீங்க குடுக்குற டிகிரியில இது வரைக்கும்தான் செல்லும்னு தேதி போடுவீங்களா?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அதெப்படிக்கா போடுவாங்க?"

"அப்ப என் கையால அதைக் கிழிக்க மாட்டேன். சேத்துக்கோம்மா."