அணைத்த பிறகும் நிற்காத மூச்சு

கம்ப்யூட்டரோடு கீபோர்டை இணைத்து, தேவாலய ஆர்கனை வீட்டிலேயே வாசிக்கிறவன் நான். எங்கோ இருக்கும் பெரிய ஆர்கனின் ஒவ்வொரு குழலையும் ஒலிப்பதிவு செய்து தொகுப்பாக விற்கிறார்கள். அன்று சாயங்காலம் ஆரியசாலை வீட்டில் தனியாக உட்கார்ந்து, எந்தத் தொகுப்பை வாங்கலாமென்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜலதோஷத்தில் மூக்கு சுத்தமாக அடைத்திருந்தது. ஆவி பிடிக்க வெந்நீர் வைத்து இறக்கியவன், சிலிண்டரை மூடவில்லை.

ஒரு தொகுப்பில், குழல்களுக்குக் காற்று தரும் மோட்டாரின் இரைச்சலும் பதிவாகியிருந்தது. விரலை எடுத்த பிறகும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய மூச்சு. வாசிக்காதபோதும் உயிரோடிருக்கிறதே என்று சொக்கிப்போனேன். இதுதான் என்று முடிவுசெய்து கம்ப்யூட்டரை அணைத்தேன்.

மூச்சு நிற்கவில்லை.

ஸ்பீக்கரில் காதை வைத்தேன். அங்கே ஒன்றுமில்லை. சத்தம் சமையலறையிலிருந்து வந்தது. அந்த நேரம் பார்த்து, கழக்கூட்டம் ஆபீஸிலிருந்து என் மனைவி சுபா உள்ளே நுழைந்தாள்.

“என்ன இது, கேஸ் நாத்தம் இப்படி அடிக்கு?” என்றபடி லைட் சுவிட்சுக்குக் கை நீட்டினாள்.

“தொடாத சுபா. அப்படியே வெளிய போ.”

அடுப்பிலிருந்து டியூப் கழன்று கிடந்தது. சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன்.

“நம்ம அடுப்பும் ஆர்கன்ல ஒரு குழல்னு நெனச்சீங்களாக்கும்?” என்றாள். நான் சுவிட்சைத் தொடப்போன அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அடுப்பை அணைத்த கையோடு சிலிண்டரையும் மூடுகிறேன். கடைசியில் வாங்கியது காற்றிரைச்சல் இல்லாத தொகுப்பைத்தான். கொஞ்சம் உயிர் குறைவுதான். ஆனால் விரலை எடுத்தால் வீட்டின் சத்தம் காதில் விழுகிறது.