இரண்டு மணி பஸ் அறிவுமதி

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருகிற நர்சுகளோடு முண்டியடித்து மேல்சித்தாமூர் பஸ்ஸில் ஏறுகிறாள் அறிவுமதி. அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு சொந்தமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த நர்சு எங்கே இறங்குகிறாளோ அங்கே இவளும் இறங்குவாள். எதிரில் வருகிற பஸ்ஸைப் பிடித்துச் செஞ்சிக்குத் திரும்புவாள். நான்கு வருடமாக வாரத்தில் மூன்று நாள் இதே கூத்து. கண்டக்டர் இப்போதெல்லாம் அவளிடம் ஊரைக் கேட்பதில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்து, "ஏம்மா, மேடத்த இன்னிக்கி எங்க எறக்கப் போற?" என்கிறார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறாள். முப்பத்தாறு வயது. சொந்த ஊர் தளவானூர். காலை ஷிப்ட் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்திக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்தாள். ஆய்வின் தலைப்பு ஒரு முழம். எனக்கு விளங்கிய வரைக்கும் விஷயம் இவ்வளவுதான்: வேலை செய்கிற கைக்கு மட்டும் தெரிந்தது எங்கே போகிறது, நர்சுகள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள், போகாதவர்கள் ஏன் போகவில்லை.

இந்த ஆராய்ச்சிப் புத்தி வீட்டிலும் அடங்காது. கேஸ் சிலிண்டர் போடுகிறவரை நிறுத்தி வைத்து, "தூக்கினதுமே எடை கம்மின்னு எப்டிண்ணா கண்டுபுடிக்கிறீங்க?" என்று கேட்பாள். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் கொடுத்த டீயில் ஏடு படிந்துவிடும். நோட்டு கையில் இல்லாவிட்டால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். அந்தக் கையோடேயே சோற்றைப் பிசையப் போவாள். இரண்டு முறை கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். "இருங்க்கா, ஒரே நிமிசம், போட்டோ எடுத்துக்கிறேன்" என்பாள். எந்தக் கதையைக் கேட்டாலும் 'ஐயோ பாவம்' என்று சொல்ல மாட்டாள். "சரி, அப்புறம்?" என்பாள். அவளிடம் இருக்கிற ஒரே ஆறுதல் வார்த்தை அதுதான்.

குடி வந்த அன்றைக்கே மொட்டை மாடியில் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லிவிட்டேன். துணிக்கொடி இரண்டு. தெருவைப் பார்த்த கொடியில் புடவை, போர்வை. மற்றதெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற உள்கொடியில். நாலு பேர் பார்க்கக் கூடாததை நாலு பேருக்கு நடுவில் காயப்போடக் கூடாது. தலையை ஆட்டினாள். நான்கு வருடத்தில் ஒருநாளும் மீறவில்லை.

என் மிக்ஸி ஒரு சனியன். மூடியின் இடது ஓரத்தை அழுத்திக்கொண்டு ஜாரை ஒரு நூல் திருப்பினால்தான் ஒழுங்காக ஓடும். என் நாத்தனார் வந்தவள், "நான் அரைக்கிறேன், தள்ளு" என்று போட்டாள். தேங்காய்ச் சட்னி கூரையில் போய் ஒட்டியது. நான் ஸ்டூல் மேல் ஏறித் துடைத்துக்கொண்டிருக்கிறேன், இவள் கீழே நோட்டோடு நிற்கிறாள்.

"ஏங்க்கா, மூடிய அழுத்தணும்னு அவங்களுக்கு முன்னாடியே சொல்லல?"

"அவ என்னிக்கி என்ன மதிச்சிக் கேட்டா, நான் சொல்றதுக்கு? ஒட்டட்டும்!"

எழுதிக்கொண்டாள். "இதாங்க்கா. நாலு வருசமா பஸ்ஸுல இததான் தேடிக்கிட்டிருக்கேன்." எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த ஈரத் துணியை அவள் மேல் போட்டிருப்பேன். நோட்டு நனைந்துவிடும் என்று விட்டேன்.

அவள் பஸ்ஸில் கேட்ட கதைகளில் ஜெயஸ்ரீயின் கதைதான் பெரியது. ஜெயஸ்ரீ மேல்சித்தாமூர்ப் பெண். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாக நர்சு. கைக்குழந்தைக்கு நரம்பு கிடைக்காமல் டாக்டரே தடுமாறினால் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். வெதுவெதுப்பான துணியைக் கொஞ்ச நேரம் சுற்றி வைத்து, குழந்தையின் கையைத் தொங்கவிட்டு, விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். புதிதாக வருகிற பெண்களைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சொல்லியும் கொடுப்பாள்.

அவளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்கு அழைப்பு வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினலோடு வரச் சொன்னார்கள். ஒரிஜினல் மருத்துவமனை பீரோவில். வேலைக்குச் சேரும்போதே எல்லாரிடமும் வாங்கிப் பூட்டிவிடுவது அங்கே வழக்கம். கேட்டதற்கு, நாளைக்கு என்றார்கள். மறுநாள், மேனேஜர் ஊரில் இல்லை என்றார்கள். சரிபார்ப்பு நாள் போய்விட்டது. வேலையும் போய்விட்டது.

அதற்குப் பிறகும் ஜெயஸ்ரீ அங்கேதான் வேலை செய்கிறாள். நரம்பும் அவள்தான் பிடிக்கிறாள். சொல்லிக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். "திரைய இழுத்து வுட்டுட்டு ஊசிய போடறேங்க்கா. ஒருத்திக்கும் காட்டறதில்ல. என்ன கட்டிப் போட்டாங்கல்ல, எனக்குத் தெரிஞ்சத கட்டிப் போட முடியுமா?" என்று பஸ்ஸில் சொன்னாளாம். அதற்கும் இவள், "சரி, அப்புறம்?" என்றுதான் கேட்டிருப்பாள்.

ஜெயஸ்ரீ கதை பெயர் இல்லாமல் ஆய்வேட்டின் நூற்று நாற்பத்தெட்டாம் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவமனை தந்த பட்டியலில் மூன்று வருடத்தில் வேலையை விட்டவர்கள் இரண்டே பேர். அதற்குக் கீழே அறிவுமதி எழுதினாள்: 'மற்றவர்கள் விரும்பித் தங்கினார்களா என்று சொல்ல முடியாது. இவர்களுடைய சான்றிதழ்கள் பீரோவில் தங்கியிருக்கின்றன.'

அனுமதி தந்த மருத்துவமனைக்கு ஆய்வேட்டின் நகல் ஒன்றைக் கொடுத்தாள். வந்தது வம்பு. அந்த மருத்துவமனையும் இவள் வேலை பார்த்த கல்லூரியும் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். மேனேஜர் ராமகிருஷ்ணன் போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மாடியிலேயே நின்றுகொண்டேன்.

"ஒரே ஒரு பக்கம் மேடம். எடுத்துட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது. இல்லன்னா நாங்க குடுத்த பர்மிசன் லெட்டர வாபஸ் வாங்கிக்குவோம். நாலு வருசம் வீணாப் போயிடும்."

"வாங்கிக்குங்க சார். நீங்க குடுத்த பட்டியலையும் திருப்பித் தந்துடறேன். அந்தக் கணக்கு இல்லாமலே என் ஆய்வு நிலைச்சி நிக்கும். ஆஸ்பத்திரிக்குள்ள நான் ஒருத்தர்கிட்டயும் பேசல. பேசுனது பூரா பஸ்ஸுல. எண்பத்தி மூணு பேரு, அவங்கவங்க கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "உங்க ஒரிஜினலும் காலேஜ் பீரோவுலதான் இருக்குது. ஞாபகம் வச்சிக்குங்க."

"இருக்குது சார். நானும் பூட்டுக்குள்ள இருக்கற ஆளுதான்னு அதே பக்கத்துல ஒரு வரி சேர்க்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன். இப்ப சேர்த்துடறேன்."

அவர் போன பிறகு என் சமையலறையில் வைத்து அவளைத் திட்டினேன். "ஏன்டி, ஒரு பக்கத்த கிழிச்சிப் போட்டுட்டு பட்டத்த வாங்கிக்கினு போயேன். உனக்கின்னா தலையெழுத்து?" பல்கலைக்கழக வழிகாட்டி வீராசாமி சாரும் போனில் இதையேதான் சொன்னார். மூன்றாவது முறை பேசியபோது அவருக்கே அலுத்துவிட்டது. "கையெழுத்தெல்லாம் பத்திரமா வச்சிக்கம்மா, வைவாவுல கேப்பாங்க" என்று வைத்துவிட்டார். நான் திட்டியதற்கு அவள் அண்ணாந்து சமையலறைக் கூரையைப் பார்த்தாள். சட்னிக் கறை இன்னும் போகவில்லை.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கல்லூரி ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கையில் லேப்டாப், தூக்கில் என் வீட்டு எலுமிச்சை சாதம். அட்மிஷன் நேரம். பிள்ளைகளைச் சேர்க்க அப்பா அம்மாக்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம், "இன்னா மேடம், இங்க குந்தியிருக்கீங்க?" என்று கேட்க, "என் சர்ட்டிபிகேட்டு உள்ள இருக்குது, குடுக்க மாட்டேங்கறாங்க" என்று பெஞ்சுக்கு அந்தக் கோடிவரை கேட்கிற மாதிரி பதில் சொன்னாளாம். புதன்கிழமை காலையில் ஓர் அம்மா, பூர்த்தி செய்த விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மகளோடு திரும்பிப் போனார். மூன்று மணிக்குப் பீரோவைத் திறந்துவிட்டார்கள்.

வேலை போய்விட்டது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அடுத்த மாதம். நூற்று நாற்பத்தெட்டாம் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஒரு வரி கூடுதலாக.

அவள் வாங்கி வந்த சான்றிதழ்க் கவரைப் பிரித்தால் ஒரே பூஞ்சை வாடை. பீரோவுக்கு மேலே ஏசி ஒழுகியிருக்கிறது. பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது, டிகிரி, எம்பிஏ எல்லாம் ஓரம் நமுத்துக் கிடந்தன. "இன்னாடி இது, அப்பளம் மாதிரி இருக்குது" என்று வாங்கிப் பார்த்தேன். பத்தாவது மார்க் ஷீட்டில் மட்டும் ஒரு மூலையில் பழைய மஞ்சள் விரல் தடம். "எங்கம்மாவோட கை. மஞ்சா அரைச்ச கையோட வாங்கிப் பாத்துச்சு" என்றாள். அவள் முகம் லேசாக மாறியது. "சரி, அப்புறம்?" என்றேன். சிரித்துவிட்டாள்.

வெயிலில் காட்டினால்தான் சரியாகும் என்று மாடிக்குக் கொண்டுபோனோம். காற்றுக்குப் பறக்காமல் இருக்க நானே உள்கொடியில் வரிசையாகக் கிளிப் போட்டு மாட்டினேன். தொட்டி மறைவு, யார் கண்ணும் படாது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் பாறையில் பட்டுத் திரும்புகிற வெக்கையில் பத்து நிமிடத்தில் ஓரம் விறைக்க ஆரம்பித்தது.

கல்லூரி பஸ் சாயங்காலம் நாலரைக்கு எங்கள் தெரு வழியாகப் போகும். மணி நாலேகால் இருக்கும். அறிவுமதி உள்கொடியில் இருந்து ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்றினாள். தெருக்கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் போர்வையை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, மார்க் ஷீட்டில் ஆரம்பித்து எம்பிஏ வரைக்கும், எழுத்து தெருவைப் பார்க்கிற மாதிரி, ஒவ்வொன்றாக அந்தக் கொடியில் மாட்டினாள்.